மொட்டை மாடியில் எந்தப் படம்?

குழு: காசிமேடு பெரிய வீடு
2022 மே 11, புதன்கிழமை

மோகன் (இரவு 8:05): அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள் அடுத்த வியாழக்கிழமை, மே 19 அன்று வருகிறது. மதியம் படையல். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கின்றன, எல்லோராலும் வர முடியும். சென்ற ஆண்டு முழு ஊரடங்கில் நான்கு பேர் மட்டுமே நின்று அவரை அனுப்பிவைத்தோம். அதனால் இந்த முறை மாலையில் மொட்டை மாடியில் திரை கட்டி, வீட்டுக்குள் அடைந்திருந்த நாட்களில் அப்பா பார்த்த படங்களில் ஒன்றைப் போடலாம் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் போடலாம் என்று சொல்லுங்கள்.

செல்வி (8:09): நல்ல யோசனை, அண்ணா. ராமாயணம் மட்டும் வேண்டாம்.

பாபு (8:10): புரொஜெக்டர் என் பொறுப்பு, மச்சான். வியாசர்பாடியில் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது.

சிவகாமி அத்தை (8:21): ராமாயணத்தை அப்படித் தள்ளிவிடாதே, செல்வி. 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் அதை மறுபடி ஒளிபரப்பியபோது, இந்தி ஒரு சொல்லும் தெரியாத உன் அம்மா இரண்டு வேளையும் உட்கார்ந்து பார்த்தார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில், முன்பே தெரிந்த கதை, முன்பே தெரிந்த முடிவு என்பதே அவருக்குப் பெரிய தைரியமாக இருந்தது. ஆனால் பெரிய அண்ணன் அதைப் பார்க்கவில்லை, திண்ணையில்தான் இருந்தார். எனவே அது அவர் பார்த்த படம் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குமரவேல் சித்தப்பா (8:24): சார்பட்டா பரம்பரை போடுங்கள்.

சிவகாமி அத்தை (8:26): தம்பி, அந்தக் குத்துச்சண்டைப் படம் வெளியானது 2021 ஜூலை 22. அண்ணன் இறந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு.

குமரவேல் சித்தப்பா (8:27): தெரியும், அக்கா. அதனால்தான் சொல்கிறேன்.

பாபு (8:30): மாமா அந்தக் காலத்தில் என்னோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தது கன்டேஜன் என்கிற ஆங்கிலப் படம். 2011இல் எடுத்த படம், கிருமி பரவுவதைப் பற்றியது. அதைப் பார்த்த பிறகு நான் கதவின் கைப்பிடியைத் தொடவே பயந்தேன்.

செல்வி (8:31): நினைவு நாளில் அதையா போடுவார்கள்?

மோகன் (8:33): மைக்கேல் ஜோர்டானைப் பற்றிய தி லாஸ்ட் டான்ஸ் என்ற ஆவணத் தொடரையும் அப்பாவுக்குக் காட்டினேன். ஆனால் அது பத்துப் பகுதி. ஒரே ஆள் தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தால் எதிராளி என்ன நினைத்தான் என்பது எப்படித் தெரியும் என்று கேட்டு, இரண்டாம் பகுதியோடு எழுந்துவிட்டார்.

தேன்மொழி (8:40): தாத்தா முழு மனதோடு பார்த்தது ஒன்றே ஒன்றுதான், அப்பா. மை ஆக்டோபஸ் டீச்சர். 2020 அக்டோபரில் கைப்பேசியை அரிசி டின்னின் மேல் சாய்த்துவைத்து நானும் தாத்தாவும் பார்த்தோம்.

சிவகாமி அத்தை (8:52): தேன்மொழி சொல்வதை நான் முழுதாக ஆதரிக்கிறேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கிரெய்க் ஃபாஸ்டர் என்பவர், உடம்புக்குக் குளிர்காப்பு உடை எதுவும் போடாமல், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாள்தோறும் கடற்பாசிக் காட்டுக்குள் மூழ்கி, ஒரே ஒரு பேய்க்கணவாயைத் தேடிப்போய்ப் பார்த்துவந்த கதை அது. நம் வலையில் வந்தால் நாம் ஒதுக்கிப் போடும் அந்த உயிருக்கு மூன்று இதயங்கள். இரத்தம் நீலம். நரம்பணுக்களில் பெரும்பகுதி தலையில் இல்லாமல் எட்டுக் கைகளில் பரவிக் கிடக்கின்றன என்பதால், கை தொடும்போதே ஓரளவு யோசித்தும் விடுகிறது. இவ்வளவு அறிவு இருந்தும் அதன் ஆயுள் ஓராண்டை ஒட்டித்தான். முட்டையிட்டு, குஞ்சு வெளிவரும்வரை காத்திருந்து, உடல் ஒடுங்கி இறந்துவிடும். 2021இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது இதற்குத்தான் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்த எதுவும் இவ்வளவு பொறுமையாக ஓர் உயிரைக் கவனித்ததில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட முடியாமல் போனதே என்று வருந்தினேன்.

குமரவேல் சித்தப்பா (8:54): கணவாய்ப் படம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. என்னிடமே சொன்னார்.

செல்வி (8:55): உங்களிடமா? எப்போது, சித்தப்பா? எஞ்சின் பங்குத் தகராறுக்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லையே.

குமரவேல் சித்தப்பா (9:03): துறைமுகத்தில் வலை பின்னும் இடத்தில் ஒருநாள் அவராகவே வந்து நின்றார். நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கணவாயைப் பற்றித்தான் பேசினார். உடம்பில் கோடு போட்ட சுறா வந்து அதன் கையைக் கடித்துக்கொண்டு போகிறது, பக்கத்தில் காமிராவோடு இருப்பவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான், நம் ஆள் ஒருவன் தண்ணீரில் இருந்தால் விட்டிருப்பானா என்று கோபமாகக் கேட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

தேன்மொழி (9:17): சின்னத் தாத்தா, அந்தக் கோபத்தை நானும் பார்த்தேன். சுறா கடிக்கும்போது தாத்தா பாயை விட்டு எழுந்து, "கையக் குட்ரா, தூக்குடா" என்று கைப்பேசியைப் பார்த்துக் கத்தினார். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். படம் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி நான்தான் தமிழில் சொன்னேன். ஓரிடத்தில் அந்தக் கணவாயை அவருடைய தோழி என்று சொல்லிவிட்டேன். உடனே தாத்தா, "தோழின்னு அவன் சொல்றானா, நீ சொல்றியா?" என்று கேட்டார். நான்தான் சேர்த்தேன் என்றேன். அப்படியானால் படத்தின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். கணவாய் வாத்தியார் என்று பெயர்த்தேன். அதைக் கேட்டதும் மறுபடி பாயில் உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் மேடையில் அடி வாங்கும்போது மாணவன் கயிற்றைத் தாண்டி உள்ளே ஏறக் கூடாது, அவன் ஏறாதது சரிதான் என்று சொன்னார். இழந்த கை சிறுகச் சிறுகத் திரும்ப முளைத்து, பிறகு வேறொரு நாள் அதே வகைச் சுறா துரத்தியபோது கணவாய் அதன் முதுகிலேயே ஏறி ஒட்டிக்கொண்டு தப்பியதே, அந்தக் காட்சியை மூன்று முறை போடச் சொன்னார்.

செல்வி (9:19): இது எனக்குத் தெரியாது.

மோகன் (9:20): எனக்கும் தெரியாது.

குமரவேல் சித்தப்பா (9:29): அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது, அண்ணன்தான் என்னைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். திரும்பும்போது இராயபுரம்வரை நடந்தே வந்தோம். வழியெல்லாம் அலியின் கால் எப்படிப் போனது என்று தெருவிலேயே ஆடிக் காட்டினார். சார்பட்டாவில் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரராக ஷபீர் கால் மாற்றி மாற்றி ஆடும்போது எனக்கு ரோஸ் தெரியவில்லை, அந்த இரவு நடந்த அண்ணன்தான் தெரிந்தார். படத்தின் பெயரைக் கேட்டதிலிருந்தே எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அனுப்பிவைத்த நான்கு பேரில் நான் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்று தனி அறையில் வைத்திருந்தார்கள். இதையாவது நான் செய்கிறேன்.

சிவகாமி அத்தை (9:33): நீ சொல்வது எனக்குப் புரிகிறது, தம்பி.

செல்வி (9:41): சார்பட்டாவை நானும் மறுக்கவில்லை. நம் பக்கத்துத் தெருக்களை, நம் பேச்சை, நம் தாத்தாக்கள் உயிரைக் கொடுத்த ஒரு விளையாட்டை இவ்வளவு மரியாதையோடு எடுத்த படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆட்சி கலைக்கப்பட்டதும் ரங்கன் வாத்தியாராக வரும் பசுபதி கைதாகும்போது ஒரு சொல்லும் உரக்கப் பேசாமல் போகும் இடத்தில் அழுதுவிட்டேன். ஆனால் இரண்டாம் பாதியில் நாயகன் கபிலன் சாராயத்தில் இறங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. குத்துச்சண்டைக்குப் போகாதே என்று மகனை அடித்த தாய் பாக்கியமே, கடைசியில் அவனைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் பழைய குத்துச்சண்டைக்காரர் பீடி ராயப்பனிடம் ஒப்படைக்கிறாளே, அந்த மனமாற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம். கபிலனின் மனைவி மாரியம்மா பேசும் இடங்களை அம்மா எப்படி எடுத்துக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்பா மேடையேறுவதை நிறுத்தியது அம்மாதானே.

பாபு (9:43): அது ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். கணவாய்ப் படம் ஒன்றரை மணிக்கும் குறைவு. அக்கம்பக்கத்தில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். பத்து மணிக்குள் ஒலியை நிறுத்த வேண்டும்.

மோகன் (9:47): அப்படியானால் ஏழு மணிக்குக் கணவாய்ப் படத்தை முழுதாகப் போட்டு, அதன்பின் சார்பட்டாவில் ரோஸ் ஆடும் ஆட்டத்தை மட்டும் போடலாமா?

குமரவேல் சித்தப்பா (9:48): ஆட்டத்தை மட்டும் பிய்த்துப் போடுவது சரியில்லை.

சிவகாமி அத்தை (9:55): இதில் நான் தம்பியின் பக்கம். அந்த ஆட்டத்தின் எடையே அதற்கு முன்னால் ரங்கன் வாத்தியார் பட்ட அவமானத்தில் இருக்கிறது. தொடக்கத்திலிருந்து ரோஸ் ஆட்டம்வரை போட்டால் ஓரளவு நியாயம். ஆனால் அப்படிப் போட்டால் கணவாய்ப் படத்துக்கு நேரம் இல்லை. கணவாய்ப் படத்துக்கு யாராவது தமிழில் சொல்லவும் வேண்டும்.

தேன்மொழி (9:57): நான் சொல்கிறேன், பாட்டி. இந்த முறை தோழி என்று சொல்ல மாட்டேன்.

மோகன் (9:59): அம்மாவையே கேட்டுவிடலாம். தேன்மொழி, பாட்டி தூங்கிவிட்டாரா?

தேன்மொழி (10:08): விழித்துத்தான் இருக்கிறார். முழுவதையும் படித்துக் காட்டினேன். துறைமுகத்தில் தாத்தா வந்து பேசினார் என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். எந்தப் படம் என்று கேட்டதற்கு, வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்கிறார்.

பாபு (10:10): புரொஜெக்டரை எதற்கும் சொல்லிவைக்கிறேன். திரைக்கு வெள்ளைத் துணி யாரிடம் இருக்கிறது?

குமரவேல் சித்தப்பா (10:14): துணியும் கயிறும் நான் கொண்டுவருகிறேன். மாடியில் எந்தச் சுவரில் கட்டலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். அண்ணியிடம் கேட்டுச் சொல், தேன்மொழி.

தேன்மொழி (10:19): சின்னத் தாத்தா, பாட்டி வரச் சொல்கிறார். மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட வேண்டுமாம்.