ஒரே நாளில் ஏறி இறங்கும் மலைகள்: வழியில் உங்களுக்கு எதிர்ப்பட்டது என்ன?

போடிக்காரன்

போடிக்குப் பக்கத்துக் குரங்கணிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, மேலே மூணாறு பக்கம் இருக்கும் டாப் ஸ்டேஷன் ஏற எத்தனை மணி நேரம் ஆகும் என்று. இறங்க எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் அபூர்வம். எங்கள் பக்கத்துக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். குரங்கணி இருப்பது மலைக்குக் கிழக்கே. ஆறு மணிக்கு மேல்தான் சூரியன் மறையும் என்று போன் சொல்லும். ஆனால் மேற்கே அவ்வளவு உயரத்துக்கு மலை நிற்பதால் நாலு, நாலரைக்கே வெயில் போய்விடும். அப்புறம் மரத்தடிப் பாதையில் கல் எது, வேர் எது என்று தெரியாது.

இது பழைய பாதை. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. பெயர்கள் மட்டும் நிற்கின்றன. நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சின்னக் குடியிருப்பு இருக்கிறது. "அங்கே ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்ட சென்னைத் தம்பிகளும் உண்டு.

எதிர்ப்பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் இறங்கி வரும்போது, முன்னால் போன வழிகாட்டி அண்ணன் சட்டென்று கையைத் தூக்கினார். பாதையோரப் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது ஒரு கரடி. அதற்குத் தலையெல்லாம் புற்றுக்குள். எங்களைக் கவனிக்கவே இல்லை. கரடியிடம் ஆபத்தே அதுதான். திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் பயத்தில் பாய்ந்துவிடும். அண்ணன் எங்களை நாலு வளைவு மேலே கூட்டிப்போய், அங்கிருந்து கம்பால் பாறையைத் தட்டித் தட்டி, சத்தமாகப் பேசச் சொன்னார். வெகுநேரம் கழித்து இறங்கிப் பார்த்தபோது புற்று மட்டும் இருந்தது. காலை ஆறரைக்கே ஏறத் தொடங்கியிருந்ததால் அந்தக் காத்திருப்புக்கு எங்களிடம் நேரம் இருந்தது. பத்து மணிக்குக் கிளம்பியவர்களுக்கு அதே கரடி இருட்டில் வந்திருக்கும்.

மதுரை எஞ்சினியர்

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் தூரம், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரம். இது குளிர்நாட்டில், நடந்து பழகியவர் நிற்காமல் நடந்தால் வருகிற கணக்கு. நம் வெயிலுக்கும், புளியோதரைக்கும், செல்ஃபிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்கு போடுகிறேன். குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். அவரை முன்னால் விடுங்கள்.

இறக்கம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். சரளைக்கல் சரிவில் முட்டி பேசத் தொடங்கினால் ஏறிய நேரமே இறங்கவும் ஆகும்.

வட்டக்கானல் வாசி

கொடைக்கானலில் காட்டுமாடு கடைத்தெருவுக்கே வரும். அதனாலேயே சுற்றுலா வருகிறவர்கள் அதை ஊர் மாடாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு டன் அளவுக்கு எடை வரும் உயிர் அது. டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி வெள்ளகெவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்கும் வழியில், மூடுபனிக்குள் ஒரு தனிக் கடா குறுக்கே நின்றது. நேராகப் பார்க்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுத் திமிலைக் காட்டிக்கொண்டு நின்றது. தெரியாதவர்கள் "சாதுவாக நிற்கிறது, போட்டோ எடு" என்பார்கள். "என் அளவைப் பார்த்துக்கொள்" என்று அது எச்சரிக்கும் விதமே அப்படித்தான். அடுத்தது தலையைத் தாழ்த்திப் புஸ்ஸென்று மூச்சு விடுவது. அதுவரை காத்திருக்கக் கூடாது.

நாங்கள் முதுகைக் காட்டாமல் பின்வாங்கி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அது அசையவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியது. வெள்ளகெவி போய்த் திரும்ப இனி நேரம் இல்லை என்று முடிவு செய்து மேலே ஏறிவிட்டோம். கூட வந்த ஒருவருக்கு ரொம்ப வருத்தம், "இவ்வளவு தூரம் வந்து..." என்று புலம்பிக்கொண்டே வந்தார். என்னைக் கேட்டால், மலையில் விலங்கைப் பார்ப்பது பெரிய ஆபத்தே இல்லை. அதனால் போன நேரத்தை ஈடுகட்ட அவசரமாக ஓடுகிறோமே, கால் முறிவது அங்கேதான். முறிந்தால் அப்புறம் டோலி கட்டித் தூக்க வேண்டும். வெள்ளகெவி மக்கள் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அப்படித் தூக்கி நடந்தவர்கள். ஊர் சுற்ற வந்தவரைத் தூக்கும் வேலையையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம்.

வால்பாறை எஸ்டேட்

எங்கள் ஊரில் யானை நிற்கும் இடத்தைத் தெரிவிக்கச் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள், போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும். விளக்கு எரிந்தால் அன்றைய நடை ரத்து. அவ்வளவுதான், பேச்சே இல்லை.

அட்டைக்கு: உப்பைத் துணியில் முடிந்து, நனைத்து, குச்சி நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்தில் தொட்டால் விழும். பிய்த்தால் புண்ணாகும். விழுந்த பிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க அது ஏதோ செலுத்திவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

நுவரெலியாவிலிருந்து

எங்கட பக்கம் இதையெல்லாம் பனிதான் முடிவு செய்யும். ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு விடிய ஆறு மணிக்கு வாசல் திறப்பார்கள். உலக முடிவு (World's End) என்கிற மலை விளிம்பு, சின்ன உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வர ஒன்பது கிலோமீட்டர் அளவில் வரும். ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு போனால் உலக முடிவில் வெள்ளைப் பனிப்புகாரைத் தவிர எதுவும் தெரியாது. எண்ணூறு மீட்டருக்கு மேல் நேர்ச் சரிவு அது. புகாரில் விளிம்பு எது என்று புரியாது. 2015-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒருவர் படம் எடுக்கும்போது பின்னால் கால் வைத்து விழுந்து, மரமொன்றில் சிக்கி உயிர் தப்பினார். இராணுவத்தினர்தான் மீட்டார்கள்.

ஒஹியா ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ரயில் வந்து, மேலே ஏறி முடிக்கும்போது பகல் ஆகிவிடும். முதல் நாளே பட்டிப்பொலயிலோ ஒஹியாவிலோ தங்குவது நல்லது. வாசலில் பொலித்தீன் பைகளையும் பிஸ்கட் உறைகளையும் வாங்கிக்கொள்வார்கள். முன்பே காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தால் வரிசையில் நேரம் மிச்சம்.

எதிர்ப்பட்டது என்றால் மரை என்கிற பெரிய மான்தான். வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நிற்கும், சனம் சாப்பாடு கொடுத்துப் பழக்கிவிட்டது. கொம்புள்ள ஆண் மரை பையை மோந்து பார்க்க வரும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

திருப்பூர் சைக்கிள்காரர்

எல்லாம் சரி. ஆனால் ஒரு நாள் நடக்க எதற்கு வனத்துறையில் பதிவு, கட்டணம், வழிகாட்டி? போனில் வரைபடம் இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. எங்கள் அப்பா காலத்தில் யாரைக் கேட்டு ஏறினார்கள்?

போடிக்காரன்

தம்பி, வரைபடம் பாதையைக் காட்டும், தீயைக் காட்டாது. 2018 மார்ச் 11 மறந்துபோயிருக்காது. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். கீழே எரிகிற சூடு மேலே உள்ள புல்லை முன்பே காய்ச்சி வைத்துவிடுகிறது. மேலே ஓடித் தப்பிக்கப் பார்த்தால் தீ முந்திக்கொள்ளும். காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும், ஏற்கெனவே எரிந்து கருகிய இடம் எங்கே, ஓடை எங்கே என்பதெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று வனத்துறை 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டிகளாக வருவது மலைக்கிராமத்து இளைஞர்கள். கட்டணம் கூடுதல் என்பதில் எனக்கும் குறை உண்டு, குடும்பமாகப் போனால் கை கடிக்கிறது. ஆனால் தீக்காலத்தில் பாதையை மூடும்போது "நாங்கள் மட்டும் ஓரமாகப் போய்வருகிறோம்" என்று கேட்காதீர்கள். மூடினால் மூடினதுதான்.

மழைக்கும் அதே கதை. மலையடிவாரத்தில் கும்பக்கரை அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே வட்டக்கானலில் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் வெள்ளமாக இறங்கும். ஓடையைக் காலையில் கணுக்கால் நனையத் தாண்டியிருப்பீர்கள், மாலையில் அதே இடத்தில் தாண்ட முடியாது. திரும்புகிற வழியில் ஓடை இருந்தால் கீழே உள்ள வானத்தைப் பார்க்காமல் மேலே உள்ள வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

மதுரை எஞ்சினியர்

அண்ணே, ஒரு சந்தேகம். திரும்பும் நேரத்தை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

போடிக்காரன்

டாப் ஸ்டேஷன் போய்க் குரங்கணிக்கே இறங்குவதென்றால் பதினொன்றரை. எங்கே நின்றாலும் சரி, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, அந்த நேரத்தில் கீழே திரும்ப வேண்டும். மேலிருந்து வண்டியில் மூணாறு வழியாகப் போவதென்றால் இந்தக் கணக்கு வேண்டாம், ஆனால் வண்டிக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

வட்டக்கானல் வாசி

வெள்ளகெவிக்கு அடுத்த மாதம் வருவதாக என்னிடம் சொன்ன கோவைக் குடும்பத்துக்கு: ஊருக்குள் செருப்பு, ஷூ எதுவும் கூடாது, ஊரெங்கும் கோயில்கள். எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லேஸ் கட்டிய ஷூ போட்டவர்கள் கழற்றி மாட்ட எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள், எட்டுப் பேர் வந்தால் அதுவே கால் மணி நேரம்.