ஆர் மொழியில் மேட்ரிக்ஸ்: எரர் வராமலே மாட்டிவிட்டவை (அனுபவப் பகிர்வு)

மூலைவிட்டம்:
வேறொருவர் ஆரில் (புள்ளியியல் கணக்குகளுக்கான கணினி மொழி) எழுதி வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட். இரண்டு 3×3 மேட்ரிக்ஸ் (எண்களை நிரை என்ற கிடை வரிசை, நிரல் என்ற நெடு வரிசையாக அடுக்கிய அணி), பெருக்குவதற்கு நடுவில் வெறும் நட்சத்திரக் குறி (*). விடையும் 3×3-ஆகவே வந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு மட்டும் எண்கள் இடித்தன. அதில் ஒரு மேட்ரிக்ஸை ஏ என்று வைத்து ஏ * டயக்(3) போட்டுப் பார்த்தேன், டயக்(3) என்பது 3×3 அலகு அணி. அலகு அணியால் பெருக்கினால் ஏ அப்படியே திரும்ப வரணும் இல்லையா? வந்தது மூலைவிட்டம் மட்டும், மற்ற ஆறு இடத்திலும் பூஜ்ஜியம்! நட்சத்திரம் உறுப்புக்கு உறுப்புதான் பெருக்கும்; மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கான %*% இருக்க வேண்டிய இடம் அது. அந்த ஸ்கிரிப்டிலிருந்து எத்தனை ரிப்போர்ட் போயிருக்குமோ.

ஒற்றை நிரை:
என்னை மாட்டிவிட்டது ட்ராப். குழு குழுவாக நிரைகளைப் பிரித்து ஓடும் லூப், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழுவில் ஒரே ஒரு நிரை வந்ததும் விழுந்துவிட்டது. அளவைச் சொல்லும் டிம்-ஐக் கேட்டால் நல் (எதுவுமில்லை) என்கிறது. மேட்ரிக்ஸ் சத்தமில்லாமல் வெக்டராக (வெறும் ஒற்றை எண் வரிசையாக) மாறியிருக்கு! எம்[ஐ, , ட்ராப் = ஃபால்ஸ்] என்று கேட்டால்தான் மேட்ரிக்ஸாகவே தரும். இதையே டீஃபால்ட்டாக வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

மறுசுழற்சி:
@மூலைவிட்டம், நட்சத்திரத்தை ஏன் குறை சொல்கிறீர்கள்? ஆரில் கூட்டல், கழித்தல், அடுக்கு எல்லாமே உறுப்புக்கு உறுப்புதான், பெருக்கல் மட்டும் விதிவிலக்கா? பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையிலும் அப்படித்தான். மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு என்று @ குறி பைத்தான் 3.5-இல், 2015-இல்தான் வந்தது. நட்சத்திரமே மேட்ரிக்ஸ் பெருக்கலாக இருக்கும் மேட்லாப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்குத்தான் இந்தத் தடுமாற்றம்.

நிஜமாகவே பயமுறுத்தியது வேறு. ஒவ்வொரு நிரலிலிருந்தும் அதன் சராசரியைக் கழிக்க எக்ஸ் - கால்மீன்ஸ்(எக்ஸ்) என்று எழுதிய கோட் ரிவ்யூவுக்கு வந்தது. குட்டையான வெக்டரை ஆர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, நிரல் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். அதனால் முதல் சராசரி முதல் நிரலுக்குப் போகவில்லை, அந்த நிரலின் முதல் உறுப்புக்குப் போனது, இரண்டாவது சராசரி அதற்கு அடுத்த உறுப்புக்கு. வெக்டரின் நீளம் மொத்த உறுப்புகளை எப்போதும் மீதியின்றி வகுக்குமே, வார்னிங் எங்கே வரும்? கழித்த பிறகு கால்மீன்ஸ் பார்த்தேன், ஒன்றுகூடப் பூஜ்ஜியம் இல்லை. ஸ்வீப்(எக்ஸ், 2, கால்மீன்ஸ்(எக்ஸ்)) என்று இருந்திருக்கணும்.

மூலைவிட்டம்:
குறியைக் குறை சொல்லவில்லை சார், மூன்று பேர் பார்த்தும் கண்ணில் படவில்லையே என்றேன்.

தலைகீழ்:
ஒரு டேட்டாவில் உயரம் சென்டிமீட்டரில் ஒரு நிரல், அங்குலத்தில் இன்னொரு நிரல். இரண்டும் ஒரே தகவல்தான், ஆனால் அங்குலத்தை ரவுண்ட் செய்திருந்ததால், சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வ் முரண்டு பிடிக்காமல் விடை தந்தது: ஒரு கெழு பெரிய பிளஸ், பக்கத்திலேயே பெரிய மைனஸ்.

எல்லோருக்கும் சொல்கிறேன். சால்வ்(ஏ) %*% பி எழுதாதீர்கள், சால்வ்(ஏ, பி) போதும். இன்வர்ஸ் கண்டுபிடித்துப் பெருக்குவது வேலையும் அதிகம், துல்லியமும் குறையும். ஏ^-1 என்றால் இன்வர்ஸ் இல்லை, ஒவ்வொரு உறுப்பின் தலைகீழி. டீ(எக்ஸ்) %*% எக்ஸ் (டீ நிரை, நிரலை இடம் மாற்றும்) வேண்டுமென்றால் கிராஸ்ப்ராட்(எக்ஸ்) இருக்கு. சிங்குலர் (இன்வர்ஸ் இல்லாத அணி) என்று எரர் வந்தால் டாலரன்ஸைக் குறைத்து வாயடைக்காதீர்கள், கியூஆர் போட்டு ரேங்க் (ஒன்றையொன்று சாராத நிரல்கள் எத்தனை) பாருங்கள். மேட்ரிக்ஸா என்று தெரிய கிளாஸை ஒப்பிடாதீர்கள். 2020-இல் வந்த 4.0.0 முதல் அது மேட்ரிக்ஸ், அரே என்று இரண்டு பெயர் தருகிறது, 4.2.0 முதல் அதை இஃப்-க்குள் வைத்தால் எரர். ஈஸ்.மேட்ரிக்ஸ் எதற்கு இருக்கு? அப்புறம் அப்ளை(எம், 1, ...) நிரை நிரையாக வெக்டர் தந்தால் விடை திரும்பிக் கிடக்கும், டீ போட்டு நிமிர்த்துங்கள்.

ஒற்றை நிரை:
@தலைகீழ், கதை இரண்டு வரி, உபதேசம் ஒரு பக்கமா! :)

எஸ்விடி:
டயக் பற்றி யாரும் சொல்லலையே. எஸ்விடி (மேட்ரிக்ஸை மூன்று மேட்ரிக்ஸின் பெருக்கலாகப் பிரிக்கும் முறை) செய்து முதல் கே மதிப்புகளை (டி) டயக்குக்குள் போட்டு மூலைவிட்ட அணியாக்கும் கோட், ட்ராப் எல்லாம் ஒழுங்காகப் பார்த்து எழுதியது. கே = 1 ஆகும்போதுதான் சிக்கல். வெக்டரில் ஒரே எண் இருந்தால் டயக் அதை அளவு என்று எடுத்துக்கொள்ளும். மதிப்பு 7.3 என்றால் 7×7 அலகு அணி, அடுத்த பெருக்கலிலேயே எரர் வந்து காப்பாற்றும். எங்களுக்கு வந்தது 1.6. டயக்(1.6) போட்டுப் பாருங்கள்: 1×1, உள்ளே 1. அளவு பொருந்திவிட்டது, பெருக்கலும் நடந்துவிட்டது, 1.6 மட்டும் காணோம். டயக்(டி, என்ரோ = கே) என்று மாற்றிய பிறகுதான் சரியானது.