ஃபோர்ஸா ஹொரைசன் 5: ரோடு தாமதமா வருது, கார் கைக்கு அடங்க மாட்டேங்குது. 4 ஆடினவங்க உதவுங்க [தீர்ந்தது]

கடைசிவளைவு:

வணக்கம் நண்பர்களே. ஒரு வாரமா முட்டி மோதிட்டு இங்க வந்திருக்கேன்.

இந்தக் கார் பந்தய கேம்ல, பிரிட்டன்ல நடக்கற ஹொரைசன் 4-ஐ மூணு வருஷம் ஆடினவன் நான். அந்த எடின்பரோ தெருக்கள் எல்லாம் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன். போன வாரம் தள்ளுபடியில, மெக்சிகோவுல நடக்கற 5 வாங்கினேன். ஆரம்பத்துல விமானத்துல இருந்து ஒவ்வொரு காரா இறக்குவாங்களே, எரிமலை உச்சியில அந்த ஃபோர்ட் ப்ரான்கோ தரையைத் தொட்டதும் உடம்பு சிலிர்த்துடுச்சு. அதுக்கப்புறம்தான் பிரச்சினை.

முதல் பிரச்சினை: வேகம் 200-ஐத் தாண்டினா ரோடு எனக்குப் பின்னாடி வருது. தூரத்துல களிமண் உருண்டை மாதிரி ஏதோ தெரியும், கிட்டப் போனதும் அதுவே வீடாகும். குவானஹுவாட்டோ நகரத்துச் சுரங்கப்பாதையில இருந்து வெளிய வந்தப்ப முன்னாடி ஒண்ணுமே இல்லாத வெட்டவெளி. நேரா விட்டேன். டம்முனு மோதி கார் நின்னுச்சு. ஒரு விநாடி கழிச்சுதான் அங்க சுவர் இருந்ததே தெரிஞ்சுது. அந்த நேரம் திரையில 'லோ ஸ்ட்ரீமிங் பேண்ட்வித்'னு ஒரு எச்சரிக்கை வருது. நெட் வேகம் பத்தலைன்னு நினைச்சு பெரிய ப்ளானுக்கே மாறிட்டேன். ஒரு மாற்றமும் இல்ல.

ரெண்டாவது: கார் நான் சொல்றதைக் கேக்கல. 4-ல கண்ட்ரோலர் ஸ்டிக்கை லேசா திருப்பினா லேசா திரும்பும். இங்க தொட்டாலே பின்பக்கம் சுத்திடுது, ஈர ரோட்டுல சொல்லவே வேண்டாம்.

மூணாவதைப் பிரச்சினைன்னு சொல்லலாமான்னு தெரியல. மனசு ஒட்ட மாட்டேங்குது. ரெண்டு மணி நேரத்துல கராஜ்ல இருபது கார் சேர்ந்துடுச்சு, ஒண்ணு மேலயும் ஆசை வரல. 4-ல முதல் நல்ல காரை வாங்க எவ்வளவு நாள் காசு சேர்த்தேன்!

கம்ப்யூட்டர்: ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் சின்ன எஸ்எஸ்டியில (ஊசி இல்லாத வேகமான ட்ரைவ்), கேம் 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல. 4-ம் இதே டிஸ்க்லதான் இருந்துச்சு, ஒரு குறையும் இல்லாம ஓடிச்சு. கிராபிக்ஸை அல்ட்ராவுல இருந்து ஹைக்கு இறக்கினேன், ட்ரைவர் புதுசாப் போட்டேன். அப்படியேதான் இருக்கு.

மூன்றாம்கியர்:

ப்ரோ, முதல்ல அந்த நெட் ப்ளானைப் பழையபடி மாத்திடுங்க. அந்த எச்சரிக்கைக்கும் இன்டர்நெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அது டிஸ்க்ல இருந்து மெமரிக்கு வர்ற பாதையைச் சொல்லுது. பேர்ல 'பேண்ட்வித்'னு இருக்கறதால பாதிப் பேர் மோடத்தைத்தான் சந்தேகப்படுறாங்க.

இந்த மாதிரி கேம்ல மேப் முழுசா மெமரியில ஏறாது. நீங்க எந்தப் பக்கம் போறீங்களோ அந்தப் பக்கத்துத் துண்டுகளை டிஸ்க்ல இருந்து எடுத்துக்கிட்டே இருக்கும், பின்னாடி விட்டுப்போனதை இறக்கிக்கிட்டே இருக்கும். 300 கிமீ வேகம்னா விநாடிக்கு 83 மீட்டர். ஹார்ட் டிஸ்க்ல ஊசி அங்கயும் இங்கயும் நகர்ந்து நகர்ந்துதான் படிக்கணும். கார் முந்திடுது, டிஸ்க் பின்தங்கிடுது. 4-ல ஓடினது இங்க ஓடலைன்னா ஆச்சரியம் இல்ல. மேப் 4-ஓடதைப் போல ஒன்றரை மடங்கு, செடி கொடி கல்லு எல்லாமே இன்னும் நெருக்கம்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்க. நெட் கேபிளைக் கழட்டிட்டு தனியா ஓட்டுங்க. அப்பவும் எச்சரிக்கை வந்தா நெட் குற்றவாளி இல்ல. அடுத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து வச்சுட்டு அஞ்சு நிமிஷம் நெடுஞ்சாலையில வேகமா போங்க. வெளிய வந்து கேம் இருக்கற டிஸ்க்கோட கோட்டைப் பாருங்க. 100-லயே ஒட்டிக்கிட்டு இருந்தா விஷயம் முடிஞ்சுது.

கடைசிவளைவு:

ரெண்டும் செஞ்சேன் ப்ரோ. கேபிள் இல்லாமலும் அதே எச்சரிக்கை. டிஸ்க் கோடு 100-ல ஏறினது இறங்கவே இல்ல. இன்னொண்ணும் பார்த்தேன்: அதே நேரத்துல ஸ்டீம் (கேம் வாங்கி இறக்கற ஆப்) வேற ஒரு கேமுக்கு அப்டேட் இறக்கி இதே டிஸ்க்ல எழுதிக்கிட்டு இருந்துச்சு.

மூன்றாம்கியர்:

அதான். கேம் ஓடும்போது வேற பதிவிறக்கத்தை அனுமதிக்கற தேர்வு ஸ்டீம் அமைப்புகள்லயே இருக்கு, அதை அணைச்சு வைங்க. ஆண்டிவைரஸ் ஸ்கேனையும் ராத்திரிக்குத் தள்ளுங்க. இதனால கொஞ்சம் மூச்சு விடலாம், முழுத் தீர்வு எஸ்எஸ்டிதான். குறைந்தபட்சத் தேவையிலேயே 110 ஜிபி இடம் கேக்கற கேம் இது, அதனால 500 ஜிபிக்குக் குறைஞ்சு வாங்காதீங்க. அதிவேக என்விஎம்இ வகை எஸ்எஸ்டி பொருத்த இடம் இல்லைன்னா, கேபிள்ல இணைக்கற சாதா சாட்டா எஸ்எஸ்டி போதும். மறுபடி டவுன்லோட் பண்ண வேண்டியதில்ல, ஸ்டீம்ல கேமோட ப்ராப்பர்ட்டீஸ் போய் இன்ஸ்டால் ஃபோல்டரை வேற ட்ரைவுக்கு நகர்த்தலாம்.

அதுவரைக்கும் 'என்விரான்மென்ட் டெக்ஸ்சர் குவாலிட்டி', 'என்விரான்மென்ட் ஜியோமெட்ரி குவாலிட்டி' ரெண்டையும் மீடியத்துக்குக் கொண்டுவாங்க. டிஸ்க் இழுக்க வேண்டிய பாரம் இதுலதான் குறையும். நிழலையும் பிரதிபலிப்பையும் குறைச்சா கார்டுக்குத்தான் லாபம், டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல.

ஈரத்தார்:

ரெண்டாவது பிரச்சினைக்கு நான் வர்றேன். தம்பி, ரெண்டு கேள்வி. டிஃபிகல்ட்டி பக்கத்துல ஸ்டீரிங் 'ஸ்டாண்டர்ட்'ல இருக்கா, 'சிமுலேஷன்'ல இருக்கா? உங்க கார்ல என்ன டயர்?

கடைசிவளைவு:

அண்ணா, சிமுலேஷன்ல வச்சிருக்கேன். நிஜத்துக்குப் பக்கமா இருக்கும்னு போட்டேன். டயர் ஸ்லிக். 4-ல எப்பவும் ரேஸ் டயர்தான் போடுவேன். இங்க அந்தப் பேர் இல்ல, அதனால இருக்கறதுலயே உசந்ததைப் போட்டேன்.

ஈரத்தார்:

ரெண்டும் சேர்ந்துதான் உங்களைச் சுத்த விடுது.

சிமுலேஷன்ங்கறது நிஜ ஸ்டீரிங் வீல் வச்சு ஆடறவங்களுக்கு. கையில 900 டிகிரி திரும்பற வீல் இருந்தா அது சரி. கட்டைவிரல் ஸ்டிக்கோட பயணம் ஒரு சென்டிமீட்டர்கூட கிடையாது. ஸ்டாண்டர்ட்ல வேகத்துக்குத் தகுந்தபடி கேம் உங்க திருப்பத்தை மென்மையாக்கித் தரும். சிமுலேஷன்ல அந்த உதவி போயிடும், நீங்க சறுக்கலைச் சமாளிக்கத் திருப்பறதும் அப்படியே பாயும். முதல்ல ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க. அப்புறம் அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ்ல 'ஸ்டீரிங் டெட்ஸோன் இன்சைட்' (ஸ்டிக்கை லேசா அசைச்சாலும் கேம் கண்டுக்காத நடுப்பகுதி) மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. ஸ்டிக்கைத் தொடாதப்ப கார் தானா ஒரு பக்கம் போக ஆரம்பிச்சா ஒரு படி ஏத்திட்டு நிறுத்துங்க.

டயர் விஷயம். 4-ல 'ரேஸ்'னு ஒண்ணா இருந்ததை இங்க செமி-ஸ்லிக், ஸ்லிக்னு பிரிச்சிருக்காங்க. ஆஃப்ரோடு டயரும் தனியா வந்திருக்கு. ஸ்லிக்ல பள்ளம் கிடையாது, தண்ணி ஒதுங்க வழி இல்ல. காய்ஞ்ச தார் ரோட்டுக்கு மட்டும்தான் அது. மெக்சிகோவுல கோடைன்னா மழைக்காலம், இலையுதிர் காலம்னா புயல் காலம். வாரத்துக்கு ஒரு பருவம் மாறும். 4-ல பனி விழுந்தா கண்ணுக்குத் தெரியும், டயரை மாத்தணும்னு தோணும். இங்க ஒரு பக்கம் வெயில் அடிக்கும், மலை தாண்டினா தண்ணி தேங்கி நிக்கும். எல்லாத்துக்கும் ஒரே கார்னா ஏ கிளாஸ்ல ராலி டயர் போடுங்க. மண்ணுலயும் நிக்கும், ஈரத்துலயும் நிக்கும். தார்ல கொஞ்சம் பின்தங்கும், பரவாயில்ல.

ஏ கிளாஸ்னு ஏன் சொல்றேன்னா, திறன் மதிப்பெண் 701-ல இருந்து 800 வரைக்கும் உள்ள அந்த கிளாஸ் கார்கள்தான் இந்த மேப்புக்கு அளவா இருக்கு. அதைவிட ரொம்ப வேகமான எஸ்2 கிளாஸ் காரை எடுத்துக்கிட்டு காட்டுப் பாதையில போனா ஓட்டற மாதிரியே இருக்காது, எதுலயும் மோதாம தப்பிச்சா போதும்னு இருக்கும்.

பனிஏரி:

உதவி இல்ல, அந்த மூணாவது விஷயத்துக்கு மட்டும் என் கருத்து. எனக்கும் ஒட்டல, இன்னும் ஒட்டல. 4-ல குளிர்காலம் வந்தா பிரிட்டன் முழுக்க வெள்ளையாயிடும். டெர்வென்ட்வாட்டர் ஏரி உறைஞ்சு, போன வாரம் கரையோரமா சுத்தின இடத்துல இந்த வாரம் நடுவுல குறுக்கே போகலாம். வியாழக்கிழமை பருவம் மாறும், புதன்கிழமையே மனசு காத்திருக்கும். 5-ல பனியைப் பார்க்கணும்னா எரிமலை உச்சிக்குத்தான் போகணும். மெக்சிகோவுல அதுதான் நியாயம், நான் மறுக்கல. ஆனா ஒரே ஊர் நாலு முகத்தோட வந்து நின்ன அந்தச் சந்தோஷம் இங்க கிடைக்கல. 2024 டிசம்பர் 15-ஓட 4-ஐ விற்பனையில இருந்து எடுத்துட்டாங்க. முன்னாடியே வாங்கினவங்க டிலீட் பண்ணாம வச்சுக்கங்க.

வோச்சோக்காரன்:

பனிஏரி சொல்றதை மதிக்கிறேன், ஆனா 5-க்காக ஒருத்தர் பேசணும்.

இங்க பருவத்தைத் தரையில தேடக் கூடாது, வானத்துல தேடணும். மெக்சிகோவுக்கே ஆள் அனுப்பி அந்த வானத்தைப் படமெடுத்துக் கொண்டு வந்து வச்சிருக்காங்க. சாயங்காலம் மூலேஹே ஊர்ப் பக்கம் போய் வண்டியை ஓரங்கட்டுங்க. கடல் மேல மேகம் ஊதா நிறமாகி, கீழ்விளிம்பு மட்டும் செம்பு மாதிரி மின்னும். தூசிப் புயல் வர்றப்ப முதல்ல தூரத்து மலை காணாமப் போகும், அப்புறம் கிட்டத்து மரம், அப்புறம் முன்னாடி போற காரோட சிவப்பு விளக்கு மட்டும் மிதக்கும். அதுக்குள்ள ஓட்டினதை நான் மறக்க மாட்டேன்.

கார் நிறைய குடுக்கறாங்கங்கறது உண்மை. லெவல் ஏறினா வீல்ஸ்பின் (சுத்தினா பரிசு விழற சக்கரம்), வீல்ஸ்பின்ல கார். இது 5-ஓட பெரிய குறைன்னுதான் நானும் சொல்வேன். பசிக்கறதுக்கு முன்னாடியே இலையில போட்டுக்கிட்டே இருந்தா சாப்பாட்டோட ருசி எப்படித் தெரியும்? நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். வீல்ஸ்பின்னைத் தொடறதே இல்ல, அது பாட்டுக்குச் சேரட்டும். 1963 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒண்ணு வாங்கினேன். மெக்சிகோக்காரங்க அதை 'வோச்சோ'ன்னு கூப்பிடுவாங்க. உலகத்தோட கடைசிப் பழைய பீட்டில் வெளிவந்தது மெக்சிகோவோட புயெப்லா ஆலையில, 2003 ஜூலையில. டாக்ஸியா ஓடின வண்டி, குடும்பம் குடும்பமா வச்சிருந்த வண்டி. கேம்லயும் அதைச் சுத்தியே 'வோச்சோ'ன்னு ஒரு கதைப் பகுதி வச்சிருக்காங்க. அந்த ஒரு காரை அடிமட்ட டி கிளாஸ்ல ஆரம்பிச்சு, பந்தயத்துல ஜெயிச்ச காசுல மட்டும் ஒவ்வொரு பாகமா மாத்தி பி வரைக்கும் கொண்டுவந்தேன். நினைச்ச இடத்துக்கு உடனே தாவற ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது, எங்க போனாலும் ஓட்டிக்கிட்டுத்தான். ஒரு மாசத்துல அந்த மேப் என் ஊராயிடுச்சு.

மூன்றாம்கியர்:

ஒண்ணு சேர்த்துக்கறேன். எங்க சித்தப்பாவுக்குக் கை நடுக்கம், பத்து வருஷமா கேம் பக்கமே போகாதவர். 5-ல தனியா ஆடும்போது விளையாட்டோட வேகத்தையே குறைக்கற வசதி இருக்கு, அதை வச்சுக் குடுத்தேன். கார் மெதுவா வர்றதால அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்குது. இப்ப ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் அவரே வந்து கண்ட்ரோலரை எடுத்துக்கறார். 2021 கேம் அவார்ட்ஸ்ல இந்த மாதிரி வசதிகளுக்கான விருது இதுக்குத்தான் குடுத்தாங்க. 4 எனக்கும் பிடிக்கும், ஆனா இந்த ஒரு விஷயத்துக்காகவே எங்க வீட்டுல 5 எப்பவும் இருக்கும்.

கடைசிவளைவு: (ஆறு நாள் கழிச்சு)

நண்பர்களே, தீர்ந்துடுச்சு. வரிசையா சொல்றேன், பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்.

500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி கேமை அதுக்கு நகர்த்தினேன். கேமுக்குள்ள இருக்கற பெஞ்ச்மார்க்கை (கம்ப்யூட்டர் வேகச் சோதனை) முன்னாடியும் பின்னாடியும் ஓட்டினேன். முடிவுப் பக்கத்துல 'ஸ்டட்டர் கவுண்ட்'னு, படம் எத்தனை தடவை திக்குச்சுன்னு ஒரு எண் வரும். ஹார்ட் டிஸ்க்ல 31 இருந்தது, எஸ்எஸ்டியில 0. டெக்ஸ்சரைத் திரும்ப ஹைக்கு ஏத்திட்டேன், எச்சரிக்கை ஒரு தடவைகூட வரல. அந்தக் குவானஹுவாட்டோ சுரங்கத்துக்குத்தான் முதல்ல போனேன். வெளிய வர்ற இடத்துல இப்ப மஞ்சள் சுவரு, பச்சை பால்கனி, எல்லாம் நான் வர்றதுக்கு முன்னாடியே அங்க நிக்குது.

ஸ்டீரிங் ஸ்டாண்டர்ட், ஏ கிளாஸ், ராலி டயர். ஈரத்தார் அண்ணா, முதல் வளைவுலயே வித்தியாசம் தெரிஞ்சுது. ரொம்ப நன்றி அண்ணா. டெட்ஸோனையும் நீங்க சொன்ன மாதிரியே ஒவ்வொரு படியா குறைச்சேன்.

நெட் ப்ளானைப் பழையபடி மாத்தியாச்சு.

வோச்சோக்காரன் சொன்னதையும் செஞ்சு பார்த்தேன். வீல்ஸ்பின் அப்படியே கிடக்கு. நேத்து ராத்திரி பீட்டிலை எடுத்துக்கிட்டு எரிமலைக்கு ஏறினேன். அதே இடத்துக்குத்தான், ப்ரான்கோவோட என்னை இறக்கிவிட்ட அதே உச்சி. பாதி வழியில மழை, ரெண்டாவது கியர்ல இன்ஜின் கத்திக்கிட்டே ஏறுது. மேல போனதும் பனி. நிறுத்திட்டு இறங்கற ரோட்டைப் பார்த்தேன். ரொம்பத் தூரத்துல ஊர் விளக்கு தெரிஞ்சுது. ஒண்ணும் மங்கலா இல்ல.

பனிஏரி:

எந்தப் பக்கத்து ரோடு? தெற்கா, கிழக்கா? நானும் இன்னிக்கு ராத்திரி ஏறிப் பார்க்கிறேன்.

கடைசிவளைவு:

கிழக்கு. ராலி டயரோட வாங்க, மேல போகப் போக வழுக்கும்.