மறு: 'சிண்டிகேட்டட் ஃபீட்' - வரத்தோடை?

அனைவருக்கும் வணக்கம். ஒரு தளத்தின் புதிய இடுகைகளை மற்றத் தளங்கள் எடுத்துக் காட்ட உதவும் 'சிண்டிகேட்டட் ஃபீட்' என்பதற்கு, நம் தளத்தின் தமிழ் இடைமுகத்தில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'ஊட்டம்' என்றே வைத்துவிடலாமே. மூலச்சொல்லுக்கு நேர்ப்பொருள்.

நேர்ப்பொருள்தான் ஐயா, சிக்கலே அதுதான். 'புதிய ஊட்டம் சேர்க்க' என்று பொத்தானில் படித்தால் சத்துமருந்து விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'ஓடை' (ஃபீட்), 'திரட்டி' (பல ஓடைகளை ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் தளம்) இரண்டும் வலைப்பதிவர்களிடம் ஊறிப்போன சொற்கள். அவற்றைக் கலைக்க வேண்டாம்.

இடிப்பது 'சிண்டிகேட்டட்' மட்டும். 'பகிர்வோடை' என்றால், பகிர்வை 'ஷேர்' பொத்தான் எடுத்துக்கொண்டாயிற்று. 'கூட்டுவெளியீடு' என்றால் இரண்டு பதிப்பகங்கள் சேர்ந்து புத்தகம் போட்டதாகப் படுகிறது. நடப்பது என்ன? ஒரு தளம் தன் புதிய இடுகைகளின் தலைப்பு, சுட்டி, தேதி, சுருக்கம் இவற்றை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் (கணினிகள் எளிதில் படிக்கும் குறியீட்டு வடிவம்) வைக்கிறது. அந்தக் கோப்பின் வடிவம் 1999-இல் வந்த ஆர்எஸ்எஸ் ஆனாலும், 2005-இல் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்த 'ஆட்டம்' (Atom) ஆனாலும் வேலை இதுதான். நம் தளம் அவ்வப்போது அதை எடுத்துவந்து நம் வாசிப்புப் பக்கத்தில் சேர்க்கிறது. பயனர் பார்வையில் அது வெளியிலிருந்து வருவது, அவ்வளவே. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவதை வரத்து வாய்க்கால் என்கிறோமே, அந்த 'வரத்து' இங்கே அப்படியே பொருந்துகிறது. வரத்தோடை.

பொத்தானில் வைத்துப் பார்த்தேன்: 'வரத்தோடை சேர்', 'வரத்தோடைகளை நிர்வகி'. நாக்கு இடறவில்லை. 'சந்தா' வேண்டாம், காசு கேட்கிறார்களோ என்று தயங்குவார்கள். 'பின்தொடர்' ஆட்களுக்கு இருக்கட்டும். ஓடைகளின் பட்டியலைச் சேமித்து வைக்கும் ஓபிஎம்எல் கோப்புக்கு 'ஓடைப் பட்டியல்' போதும்.

அப்புறம், தள முகவரியை மட்டும் கொடுத்தாலே பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள இணைப்பு வரியைப் படித்து ஓடையைக் கண்டுபிடிக்கும் வசதி. அதை 'ஓடைத் தேடல்' என்றால் பயனர் உட்கார்ந்து தேடுவதாக ஆகிவிடும். 'தானே ஓடையறிதல்' என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் முரடுதான், மேலானது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

> 'ஸ்ட்ரீமிங்'குக்கும் ஓடை என்கிறார்களே?

சரிதான், வெறும் 'ஓடை' அங்கே குழம்பும். 'வரத்து' முன்னால் நிற்பதால் இது தப்பித்துவிடும்.

ஒரு பிழைச்செய்தி மட்டும் பாக்கி. மூலத்தளம் மூடிப்போய் ஓடை கிடைக்காதபோது 'ஓடை வறண்டுவிட்டது' என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. இப்போதைக்கு 'ஓடை கிடைக்கவில்லை' என்றே போட்டிருக்கிறேன்.