புதுப்பிப்பு: காமா உணர்கருவிகளை எவ்வளவு நெருக்கி வைப்பது?

கும்பகோணத்தில் மாணவர்களோடு சேர்ந்து சோடியம் அயோடைடு படிகங்களால் சிறிய காமா உணர்கருவி அணி ஒன்றை வடிவமைக்கிறோம். படிகங்களைக் கதிர்மூலத்துக்கு எவ்வளவு அருகில் வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "முடிந்தவரை அருகில்" என்றே பலரும் சொன்னீர்கள். சற்றுத் தள்ளி வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.

காரணம் கோபால்ட்-60 என்ற கதிரியக்க மூலம். அது 1173, 1332 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரு காமா கதிர்களை ஏறக்குறைய ஒரே கணத்தில் உமிழ்கிறது. படிகம் அருகில் இருந்தால் இரண்டும் அதிலேயே விழும் வாய்ப்பு கூடும்; அப்படி விழுந்தால் இரு ஆற்றல்களும் கூடி, எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் என்று காட்டும் வரைபடத்தில் 2505-இல் பொய்யான முகடு (கூட்டு முகடு) எழும். உண்மையான முகடுகள் தேயும். அணுக்கரு வினைகளில் பல கதிர்கள் சேர்ந்தே வருவதால் தொல்லை இன்னும் பெரிது. அணுக்கரு ஆய்வுக்கான இந்திய தேசிய காமா அணியின் குளோவர் (நாலிலை வடிவ) உணர்கருவி ஒவ்வொன்றிலும் ஏன் ஒரே பெரிய படிகமாக இல்லாமல் நான்கு தனித்தனி ஜெர்மேனியம் படிகங்கள் என்பது மாணவர்களுக்கு இப்போது தெளிவாகப் புரிகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒற்றைக் கதிர் தரும் மூலம் வேண்டும். அதற்கு வயலுக்கு இடும் பொட்டாஷ் உரமே போதும்! அதிலுள்ள பொட்டாசியம்-40 தருவது 1461-இல் ஒரே காமா கதிர். ஒரு கிலோ உரத்திலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1,600 கதிர்கள் வரும். ஒரு மாணவி வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டார். எவ்வளவு நெருக்கினாலும் இதில் கூட்டு முகடு வராது என்பதால் தூரத்தின் விளைவை மட்டும் தனியே அளக்க முடிகிறது.

அடுத்து, படிகங்களுக்கிடையே ஈயத் தகடு வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிதறும் கதிர்களைக் குறைக்கப் போகிறோம்.