ஆபீஸ் மைல் போட்டியில் யார் ஜெயித்ததாகச் சொல்வது?

மீனம்பாக்கம்வாசி (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் எங்கள் ஆபீஸ். டீமில் நான்கு பேர் சேர்ந்து இந்த வருஷம் ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை யார் அதிக விமான மைல் சேர்க்கிறாரோ, அவர் குடும்பத்துக்கு மற்ற மூவரும் சேர்ந்து ஒரு நல்ல ஹோட்டலில் விருந்து வைக்க வேண்டும். நான் போட்டியில் இல்லை, நான்கு பேரோடும் நன்றாகப் பழகுகிறவள், அதனால் நடுவராக என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கேன்டீன் பேச்சில் ஆரம்பித்த விஷயம் என்பதால் எதை மைல் என்று எடுத்துக்கொள்வது, பறந்த தூரத்தையா, விமான நிறுவனம் பயணிகள் கணக்கில் பரிசாக ஏற்றுகிற, பிறகு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய மைல் பாயிண்டையா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இப்போது வருஷக் கடைசி, ஆளுக்கு ஒரு கணக்கோடு வந்து நிற்கிறார்கள்.

டெலிவரி மேனேஜர் கம்பெனி செலவில் இரண்டு தடவை லண்டன் போய் வந்தார், பிசினஸ் கிளாஸ். ஃபைனான்சில் இருக்கும் அக்காவின் கணவருக்கு டெல்லியில் வேலை, அக்கா மாதம் ஒரு தடவை அங்கே போய் வருவார், அன்றைக்கு எந்த விமானத்தில் விலை குறைவோ அதில், ஆகவே எந்தக் கணக்கிலும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. டெஸ்டிங்கில் இருக்கும் தம்பி சொந்தக் காசில் சிங்கப்பூர், கொழும்பு, போர்ட் பிளேர் போய் வந்தார், எல்லாமே பட்ஜெட் டிக்கெட். நான்காமவர் வருஷம் முழுக்க விமானம் ஏறியதே அபூர்வம், ஆனால் கிரெடிட் கார்டு பாயிண்டையெல்லாம் மைலாக மாற்றி வைத்திருக்கிறார். பேலன்ஸைத் திறந்து காட்டச் சொன்னால் அவர்தான் முதலிடம்.

ஆப்பில் இருப்பதுதான் மைல் என்கிறார் கார்டுக்காரர். பறந்தது யாரோ அவருக்குத்தான் என்கிறார் தம்பி. அக்கா, உள்ளூர்ப் பயணம்தானே, நான் இந்தக் கணக்கிலேயே வரமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். மனஸ்தாபம் இல்லாமல் முடிக்க வேண்டும். நீங்கள் என் இடத்தில் இருந்தால் எப்படித் தீர்ப்பு சொல்வீர்கள்?

கணக்குப்பிள்ளை:

முதலில் கூட்டிப் பார்த்துவிடுங்கள், வாதம் அப்புறம். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்தூரம் சுமார் 5,100 மைல். இரண்டு தடவை போய் வந்தால் 20,400. சென்னை–டெல்லி சுமார் 1,100 மைல், மாதம் ஒரு தடவை போய்வர 2,200, பன்னிரண்டு மாதத்துக்கு 26,400. அதாவது பறந்த தூரத்தில் எல்லாருக்கும் முன்னால் இருப்பது, நான் வரமாட்டேன் என்று ஒதுங்கிய அந்த அக்காதான்! தம்பிக்கு சிங்கப்பூர் 1,800, போர்ட் பிளேர் 850, கொழும்பு 400, மூன்றும் போய்வர மொத்தம் 6,100 மைல். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு தடவை போயிருந்தால்கூட லண்டன் கணக்கைத் தொடாது. வெளிநாடு என்றாலே தொலைவு என்று நினைத்துவிடுகிறோம், சென்னையிலிருந்து பார்த்தால் மும்பையைவிடக் கொழும்பு பக்கம்.

ஆப்பில் தெரிகிற எண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது என் கட்சி. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அட்வான்டேஜ் என்ற தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது பறக்கிற தூரத்துக்குத்தான் மைல் கொடுத்தது. அந்தக் காலம் போய்விட்டது. 2015-இல் டெல்டா, யுனைடெட் விமான நிறுவனங்களும், 2016 ஆகஸ்டில் அமெரிக்கனும், டிக்கெட்டுக்குக் கொடுக்கிற பணத்தைப் பார்த்துக் கொடுக்கிற முறைக்கு மாறினார்கள். ஏர் இந்தியாவும் 2024 ஏப்ரலில் அதே வழிக்கு வந்துவிட்டது. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போகிற இரண்டு பேருக்கு வேறு வேறு பாயிண்ட் ஏறும், கூடுதல் விலை கொடுத்தவருக்குக் கூடுதலாக. அதை வைத்து ஒருவரை ஜெயிக்க வைத்தால், கம்பெனி யாருக்கு விலை உயர்ந்த டிக்கெட் போட்டதோ அவருக்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும்.

பாயிண்ட்வேட்டை:

மேலே சொன்ன கணக்கு சரி, முடிவை நான் ஏற்க மாட்டேன். கார்டு பாயிண்டை மைலாக்குவது சும்மா வந்துவிடும் வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்தச் செலவை எந்தக் கார்டில் போடுவது, எந்த மாதம் மாற்றினால் போனஸ் கிடைக்கும், எந்தத் திட்டத்துக்கு மாற்றினால் டிக்கெட் மலிவாக விழும் என்று வருஷம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

1999-இல் அமெரிக்காவில் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற இன்ஜினியர் செய்ததைப் படித்திருப்பீர்கள். ஹெல்தி சாய்ஸ் என்ற உணவு பிராண்டு, பாக்கெட்டில் இருக்கும் பார்கோடு பத்து அனுப்பினால் 500 மைல், சீக்கிரம் அனுப்பினால் 1,000 மைல் என்று அறிவித்தது. அவர் கடை கடையாகத் தேடி, 25 சென்ட் விலையில் புட்டிங் கப் கிடைப்பதைக் கண்டுபிடித்து 12,150 கப் வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர், கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேலான மைல். அத்தனை லேபிளையும் தனியாகக் கிழிக்க முடியாது என்று புட்டிங்கை சால்வேஷன் ஆர்மிக்கே தானமாகக் கொடுத்து, அங்கிருந்த தொண்டர்களை வைத்து லேபிளை எடுத்துக்கொண்டார். கம்பெனி மைலைக் கொடுத்தது. உங்கள் நான்காமவரும் அந்த வழியில் வந்தவர்தான், விதி தடுக்காத ஒன்றைச் செய்தவரைத் தோற்றவர் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கணக்குப்பிள்ளை:

ஃபிலிப்ஸ் விஷயத்தில் பார்கோடுதான் கணக்கு என்று கம்பெனியே முன்கூட்டி அச்சடித்துக் கொடுத்திருந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. எழுதிய விதி இல்லாதபோது, அவர்கள் எதை மனதில் வைத்து விளையாடினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு கண்டிப்பாக இருக்கும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அதில் என்ன போட்டார்கள்? போய் வந்த ஊரையா, பேலன்ஸையா? சண்டை வருவதற்கு முன்னால் போட்டதுதான் நல்ல சாட்சி. நடுவரே, கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள்.

மீனம்பாக்கம்வாசி:

பார்த்தேன். குழுவில் வருஷம் முழுக்க ஜன்னல் வழியாக எடுத்த இறக்கைப் படமும், "இன்றைக்கு மட்டும் இவ்வளவு தூரம்" என்கிற மெசேஜும்தான். மார்ச்சில் தம்பி போர்ட் பிளேர் ஓடுபாதையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார், அதற்குக் கீழே கார்டுக்காரரே "நான் இன்னும் தரையில்தான், உங்களை எப்படிப் பிடிக்கப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார். பேலன்ஸ் ஸ்கிரீன்ஷாட் முதன்முதலாக வருவது நவம்பர் கடைசியில்தான்.

இன்னொரு சிக்கல். மேனேஜர் தன் பயண ஆப்பில் 33,000 காட்டுகிறது என்கிறார். இங்கே 20,400 என்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாவது தடவை திரும்பும்போது துபாய் வழியாக வந்தாராம், அதனால் இவ்வளவு கூடுமா?

சாங்கிப்பக்கம்:

நடுவரே, அந்த 33,000 கிலோமீட்டராக இருக்கும். 1.609-ஆல் வகுத்துப் பாருங்கள், 20,500 வந்துவிடும். துபாய் வழி என்றால் லண்டன்–துபாய் 3,400, துபாய்–சென்னை 1,830, மொத்தம் 5,230. நேராக வந்திருந்தால் 5,100. அந்த 130 மைல் வித்தியாசத்தோடு அவர் எண் சரியாகவே பொருந்துகிறது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, ஆப்பின் செட்டிங்கில் மைலுக்குப் பதில் கிலோமீட்டர் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சில ஆப்பில் கடல் மைலும் இருக்கும், அது 1.852 கிலோமீட்டர், அதில் பார்த்தால் இதே பயணம் 17,800 என்று குறைவாகத் தெரியும். நான்கு பேர் கணக்கையும் ஒரே அளவுக்கு, சாதாரண மைலுக்கு, கொண்டுவந்துவிடுங்கள்.

விமானம் உண்மையில் சுற்றிப் போன தூரத்தை எடுக்காதீர்கள். காற்று, புயல், மூடிய வான்வெளி என்று எத்தனையோ காரணத்தால் அது நாளுக்கு நாள் மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின் டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது, அந்தச் சுற்றுக்காக ஒரு பயணிக்குக் கூடுதல் மதிப்பெண் போட முடியுமா? இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே பூமிப் பந்தின் மேல் உள்ள மிகக் குறைந்த தூரம், அதுதான் எல்லாருக்கும் பொது. ஜிசிமேப் என்ற தளத்தில் MAA-DEL என்று மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டால் வந்துவிடும்.

இடையில் இறங்கி மாறினால் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டுங்கள், அதில் உட்கார்ந்து வந்தவர் அவர்தானே. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. லண்டனுக்குச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போனால் 8,500 மைலைத் தாண்டும், போய்ச் சேரும் ஊர் அதேதான். அடுத்த தடவை போட்டி வைத்தால் இதற்கு ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருஷத்துக்கு 130 மைலில் யாருக்கும் நஷ்டமில்லை.

எங்கள் பக்கத்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டம் இன்றும் தூரத்தை வைத்துத்தான் கொடுக்கிறது, ஆனால் அதிலும் எகானமியில் மலிவான லைட் டிக்கெட்டுக்குப் பாதி, விலை கூடிய ஃபிளெக்சிக்கு முழுசு. ஆகவே தூரத்தில் கொடுக்கிற திட்டத்தின் பேலன்ஸ்கூட உங்கள் தம்பி மாதிரி மலிவு டிக்கெட்டில் போகிறவருக்கு நியாயம் செய்யாது.

ஜன்னலோரம்:

தூரம்தான் கணக்கு என்று முடிவாகிவிட்டால் அடுத்தது அத்தாட்சி. நான்கு பேரும் போர்டிங் பாஸைக் குழுவில் போட ஆரம்பித்துவிடுவார்கள், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த பார்கோடில் பெயரும் பிஎன்ஆரும் இருக்கும், பலசமயம் உறுப்பினர் எண்ணும் இருக்கும். பிஎன்ஆரும் கடைசிப் பெயரும் கையில் இருந்தால் போதும், பல விமான நிறுவனங்களின் தளத்தில் அந்த புக்கிங்கையே திறந்துவிடலாம், திரும்பிவர டிக்கெட் பாக்கி இருந்தால் அதைக்கூடக் கேன்சல் செய்ய முடியும். ஒவ்வொருவரும் உங்களிடம் மட்டும் மொபைலில் காட்டட்டும், நீங்கள் தேதியையும் ஊரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கிய மெயில் போதாது, வாங்கியவர் எல்லாரும் ஏறியவர் இல்லை.

கம்பெனிக் காசு, சொந்தக் காசு என்ற பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். மேனேஜர் கம்பெனி வேலையாக வெளிநாடு (ஆன்சைட்) போகிறவர் என்பது ஜனவரியிலேயே எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதானே சேர்த்துக்கொண்டார்கள்? அதை டிசம்பரில் குறையாகச் சொல்வது அழகில்லை.

ரயிலடி:

என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். தூரத்துக்குப் பரிசு என்று வைத்தால் டிசம்பர் கடைசி வாரத்தில் யாராவது ஒருவர் தேவையே இல்லாமல் ஏறி இறங்கப் பார்ப்பார். அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தருகிற எலைட் அந்தஸ்தைக் காப்பாற்றிக்கொள்ள மைலுக்காக மட்டுமே பறக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், போய் இறங்கி அடுத்த விமானத்திலேயே திரும்புவார்கள். அத்தனை எரிபொருளும் எதற்கு எரிகிறது? உங்கள் அக்கா, தன் கணவரைப் பார்க்கப் போகிறார், மேனேஜர் வேலைக்குப் போகிறார், அதில் நான் குறை சொல்லவில்லை. இந்த வருஷத்தை முடித்துக்கொடுங்கள். அடுத்த வருஷம் தூரத்தை விட்டுவிட்டு, முதன்முதலாகக் கால் வைத்த ஊர் எத்தனை என்று எண்ணுங்கள், ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் சரி. அப்போது நடுவராக உட்கார்ந்த நீங்களும் போட்டியில் இருக்கலாம்.

பாயிண்ட்வேட்டை:

வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்தபின் நானும் தூரத்துக்கே வருகிறேன், மார்ச்சில் கார்டுக்காரரே தரையில்தான் இருக்கிறேன் என்று எழுதிவிட்டார். ஆனால் அவர் திறமையைச் சும்மா விட்டுவிடாதீர்கள். அக்காவுக்கு மாதம் ஒரு டெல்லி டிக்கெட் வேண்டும், அதை எப்படிக் கார்டு பாயிண்டில் எடுப்பது என்று அவரை ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்து சொல்லித்தரச் சொல்லுங்கள். இத்தனை மாதம் பறந்தும் பெரிதாக ஒன்றும் ஏறாமல் போனது எனக்கே தாங்கவில்லை. பல திட்டங்களில் பயணம் முடிந்த சில மாதங்கள் வரை விட்டுப்போன மைலைக் கேட்டு வாங்கலாம், கடைசி சில பயணத்தையாவது இப்போதே பதிந்துவிடட்டும்.

மீனம்பாக்கம்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான்கு பேரையும் உட்கார வைத்துத் தாளில் எழுதிக் கூட்டினோம். மேனேஜர் ஆப்பைத் திறந்து பார்த்தார், கிலோமீட்டர்தான், அவரே சிரித்துக்கொண்டே மைலுக்கு மாற்றிக் காட்டினார். கார்டுக்காரருக்குக் கொஞ்சம் முகம் வாடியது, ஆனால் பாடம் எடுக்கச் சொன்னதும் உற்சாகமாகி அக்காவிடம் எந்த பேங்க், எந்தக் கார்டு என்று அங்கேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அக்கா கணக்கில் மட்டும் இரண்டு சந்தேகம். ஒரு மாதம் மழையில் போக வர இரண்டு விமானமும் ரத்து, பணம் திரும்ப வந்துவிட்டது. இன்னொரு தடவை டெல்லியிலிருந்து வரும்போது சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திருப்பி, அங்கே காத்திருந்து, அப்புறம் சென்னை வந்தார்கள். பெங்களூர் பகுதியைச் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:

ரத்தானது வராது, பறக்காததைப் பறந்ததாக எழுத முடியாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்களே, அன்றைக்கு டிக்கெட் வைத்திருந்த எல்லாருக்கும் அதே கதிதான். பெங்களூருக்குத் திருப்பியதையும் சேர்க்க வேண்டாம். இப்படித் திருப்பிவிட்டால் விமான நிறுவனங்களும் பொதுவாக டிக்கெட்டில் உள்ள ஊர்களுக்கான தூரத்தைத்தான் எடுப்பார்கள், உங்கள் போட்டியிலும் டெல்லி–சென்னை 1,100 என்றே போடுங்கள்.

இரண்டையும் தள்ளினால் பதினொரு மாதம், 24,200. மேனேஜருக்கு 20,530. பெங்களூரிலிருந்து சென்னைக்கு வெறும் 170 மைல்தான், சேர்த்தாலும் விட்டாலும் அக்காதான் முதலிடம்.