'மாயோர் தோமுஸ்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,
பட்டப்படிப்பு வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். இடைக்காலத் தொடக்கத்தில் இன்றைய பிரான்சுப் பகுதியை ஆண்ட பிராங்குகள் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவர்களுடைய மெரோவிங்கிய மரபு அரசர்களின் அரண்மனையைப் பார்த்துக்கொண்டவர்கள் நாளடைவில் நாட்டையே கையில் எடுத்தார்கள். அவர்களுடைய பதவிதான் லத்தீனில் 'மாயோர் தோமுஸ்', அதாவது வீட்டில் பெரியவர். கையிலுள்ள வரைவில் 'அரண்மனை மேயர்' என்றிருக்கிறது. வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, "எந்த மாநகராட்சிக்கு மேயர்?" என்று கேட்டாள். 'மனைப்பெரியார்' சரிவருமா?

---

அம்மா, மேயரை நீக்கியே ஆக வேண்டும். ஆனால் மனை என்றால் வீட்டுமனை விற்பனைதான் நினைவுக்கு வரும். கோ + இல் = கோயில். சிலப்பதிகாரத்தில் அரண்மனைக்கும் அதுதான் சொல். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று சங்கப் புலவர் பெயர்களில் வரும் 'கிழார்' சேர்த்தால் 'கோயிற்கிழார்'. தூய தமிழ், லத்தீனுக்கும் நெருக்கம். 'அரண்மனை'யில் அரண் என்பது கோட்டையா, அரசன் என்பதன் திரிபா என்றே எனக்கு ஐயம் உண்டு. அதைத் தனியே எழுதுகிறேன்.

---

ஐயா, கோயிற்கிழார் வேண்டாம். இதே இயலில் போப்பும் மடாலயமும் வருகின்றன. 751-இல் இந்தப் பதவியிலிருந்த பெப்பின் தானே அரசராகி, மெரோவிங்கிய அரசர் மூன்றாம் சில்டெரிக்கின் நீண்ட முடியை மழித்து மடாலயத்துக்கு அனுப்பினார். கோயிற்கிழார் அதைச் செய்தார் என்றால், பாதிரியார் ஒருவர் அரசரானதாகத்தான் மாணவர்கள் படிப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'கிழார்'. கிழமை என்றால் உரிமை. இவர்களிடம் இல்லாதது அதுதானே! முன்பு இதே பதவியிலிருந்த கிரிமோல்ட் தன் மகனை அரியணையில் ஏற்றிப் பார்த்தார், உயிரையே இழந்தார். 737-இல் அரசர் நான்காம் தியூடெரிக் இறந்த பிறகு பெப்பினின் தந்தை சார்லஸ் மார்ட்டெல் 741 வரை அரசர் இல்லாமலே ஆண்டார், ஆனால் முடிசூடவில்லை. அதிகாரம் இல்லாதவர் அரசர் எனப்படுவது முறையா என்று பெப்பின் ஆளனுப்பி போப் சக்கரியாஸிடம் கேட்டதாக பிராங்கு அரச ஆண்டேடு சொல்கிறது. அதிகாரம் உள்ளவரே அரசர் எனப்படுவது நல்லது என்று பதில் வந்தது. உரிமையும் அதிகாரமும் வேறு வேறாக நின்றதுதான் கதை. நம் சொல் அவற்றை ஒன்றாக்கிவிடக் கூடாது.

---

அப்படியானால் 'தளவாய்' இருக்கிறதே? மைசூரில் உடையார்களைப் பெயருக்கு வைத்துக்கொண்டு தளவாய்கள் ஆண்டார்கள். மாணவர்களுக்கு உடனே புரியும்.

---

புரியும், தவறாகப் புரியும். தளம் என்றால் படை. மார்ட்டெல் 732-இல் புவாத்தியே அருகே வென்றதால் தளவாய் பொருந்துவது போலத் தெரிகிறது. ஆனால் இந்தப் பதவி போர்க்களத்தில் பிறக்கவில்லை. அரண்மனை நிர்வாகத்தில் பிறந்தது. அரசரை நெருங்கும் வழி அவர்கள் கையில் இருந்தது. பிராங்கு நாட்டின் கிழக்குப் பகுதி ஆஸ்திரேசியா, மேற்குப் பகுதி நியூஸ்திரியா, இரண்டுக்கும் தனித்தனி ஆள். 687-இல் தெர்த்ரிப் போரில் மார்ட்டெலின் தந்தை ஹெர்ஸ்தால் பெப்பின் வென்ற பிறகுதான் ஒரே குடும்பத்தின் கை ஓங்கியது. 'அரண்மனைப் பேரதிகாரி' என்று வையுங்கள்.

---

'அதிகாரி' வடசொல். 'அரண்மனை முதன்மையர்' என்றாவது இருக்கட்டும்.

---

முதன்மையர் என்றால் என்ன வேலை பார்த்தார் என்றே தெரியாது, ஐயா. என் வாக்கும் பேரதிகாரிக்கே.

---

நன்றி. பெரும்பாலோர் பேரதிகாரி பக்கம் இருப்பதால் அதையே வைக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் 'மாயோர் தோமுஸ் எனப்பட்ட' என்ற அடையோடு வரும்.

---

வையுங்கள் அம்மா, நாள் இல்லை என்பது தெரிகிறது. நான் உடன்படவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு அரண்மனைப் பொருளை மீட்காமல் இடைக்கால வரலாற்றைத் தமிழில் எழுத முடியாது. அரண் பற்றிய மடல் நாளை வரும்.